ஊர்த் திருவிழாவுக்குப் பொதுப்பணம், காலனிக்குப் பூட்டிய நூலகம்

ஆடி வரப்போகிறது. நைனார்பாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்போதே மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போடத் தொடங்கியிருப்பார்கள். தலைக்கட்டுக்கு எவ்வளவு வரி, எத்தனை ராத்திரி கூத்து, ஆர்க்கெஸ்ட்ரா எந்த ஊரிலிருந்து, சீரியல் செட் யாருக்கு, பிளக்ஸில் யார் படம் பெரிதாக என்று பேச்சு ஓடும். இந்தக் கணக்கில் காலனிக்கு இடமில்லை. அது நமக்குப் பழகிப்போன செய்தி.

அதே நாட்களில் இன்னொரு கணக்கு ஊராட்சி அலுவலகத்தில் ஓடும். தேரோடும் தெருவுக்கு இரண்டு லோடு கிராவல், எரியாத தெருவிளக்குக்குப் புது பல்பு, தண்ணீர் டேங்கர், பிளீச்சிங் பவுடர், சாக்கடை தூர்வார ஆள் கூலி. இந்தக் கணக்கில் நம் காசு இருக்கிறது. இந்தக் கட்டுரை இந்த இரண்டாவது கணக்கைப் பற்றியது.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் வாழும் ஒரு பகுதி மக்களை உள்ளே விடாத திருவிழாவுக்கு ஊராட்சியின் ஒரு பைசாவும், ஒரு பல்பும், ஒரு டேங்கர் தண்ணீரும் போகக்கூடாது. அந்தக் காசில் ஒரு பங்கை ஏப்ரல், மே மாதங்களில் ஊரிலும் காலனியிலும் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊராட்சி செலவிட வேண்டும். இரண்டையும் கிராமசபையில் தீர்மானமாக எழுத வைக்க நம்மால் முடியும்.

வாங்க மறுக்கும் வரி, வாங்கிக்கொள்ளும் வரி

காலனியில் திருவிழா வரி வாங்காததைச் சிலர் சலுகை போலப் பேசுவார்கள். "பாவம், கூலிக்காரங்க, அவங்ககிட்ட எதுக்கு?" என்பார்கள். அது சலுகை கிடையாது. வரி கொடுத்தவனுக்குக் காப்புக் கட்டும் இடத்தில் நிற்க உரிமை உண்டு. சாமி என் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்க உரிமை உண்டு. தேர் வடத்தைத் தொட உரிமை உண்டு. இதெல்லாம் தெரிந்துதான் வரி வாங்க மறுக்கிறார்கள். மேளம் அடிக்க ஆள் வேண்டும், பந்தலுக்குக் குழி தோண்ட ஆள் வேண்டும், விழா முடிந்ததும் எச்சில் இலை அள்ள ஆள் வேண்டும். உழைப்புக்கு வேண்டிய உடம்பு, வரி ரசீதில் பெயராக மட்டும் வேண்டாம்.

அரசாங்கத்தின் வரி அப்படி இல்லை. நீங்கள் வாங்கும் சோப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் ஜி.எஸ்.டி. போகிறது. காலனி வீட்டுக்கும் வீட்டு வரி ரசீது போடுகிறார்கள். ஊராட்சிக்கு வரும் பெரிய பணம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மத்திய நிதிக்குழு மானியம், மற்றொன்று மாநில நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு, ஊரக உள்ளாட்சிகளுக்கான பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்தபோது 90 சதவீதம் மக்கள்தொகையையும் 10 சதவீதம் பரப்பளவையும் அளவாக வைத்தது. மாநில நிதிக்குழு மானியத்திலும் மக்கள்தொகைதான் முக்கிய அளவு. கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, பட்டியல் சாதியினர் 29 சதவீதத்துக்கும் மேல். மாநில சராசரி 20 சதவீதம். நம் மாவட்டத்து ஊராட்சிகளுக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு நம் தலைகளை எண்ணித்தான் வருகிறது. எண்ணும்போது தலை வேண்டும், ஊர்வலத்தில் மட்டும் கால் வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

இந்தப் பணம் "திருவிழாச் செலவு" என்ற பெயரில் போகாது. எந்த ஊராட்சிச் செயலரும் அப்படி வவுச்சர் எழுத மாட்டார். தெருவிளக்குப் பராமரிப்பு, குடிநீர் வழங்கல், சுகாதாரம், சாலைச் சீரமைப்பு என்ற தலைப்புகளில் போகும். கேட்டால் "அத்தியாவசியப் பணிதானே" என்று பதில் வரும். ஆனால் தேதியைப் பாருங்கள். வருஷம் முழுக்க இருட்டில் கிடந்த தெருவில் காப்புக் கட்டுவதற்கு முதல் நாள் விளக்கு எரிகிறது. எந்தத் தெரு என்றும் பாருங்கள். சாமி போகும் தெருவில் கிராவல் விழுகிறது, காலனிக்குத் திரும்பும் முக்கில் லாரி நின்றுவிடுகிறது. வவுச்சரில் தலைப்பு பொய் சொல்லலாம், தேதியும் தெருப் பெயரும் பொய் சொல்லாது.

"விளக்கும் தண்ணியும் எல்லாருக்கும்தானே?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

அரசமைப்புச் சட்டம் 15ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவு, முழுமையாகவோ பகுதியாகவோ அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது மக்கள் கூடும் இடம் எதிலும் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. "பகுதியாகவோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஊராட்சி ஒரு பல்பு போட்டாலே அந்தத் தெரு பொதுப்பணத்தில் பராமரிக்கப்படும் தெருதான். அந்தத் தெருவில் நம் ஊர்வலம் வரக்கூடாது என்று எந்த நாட்டாமையும் சொல்ல முடியாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இன்னும் தெளிவு. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் 3(1)(ய.ஏ) வகைப் பிரிவு, அதாவது ஆங்கில வரிசையில் இசட்-ஏ என்று குறிக்கப்படுவது, பொதுச் சொத்துகளைப் பயன்படுத்துவதையும், பொது வழிபாட்டிடத்தில் நுழைவதையும், மத, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் கலந்துகொள்வதையும் அவற்றை நடத்துவதையும் தடுப்பது குற்றம் என்று சொல்கிறது. நம்மை விலக்கி நடத்தும் விழாவுக்கு ஊராட்சி விளக்கும் தண்ணீரும் கொடுத்தால், குற்றம் நடக்கும் இடத்துக்கு அரசே பந்தல் போட்டுக் கொடுக்கிறது என்று பொருள்.

இதெல்லாம் புத்தகத்துச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். நம் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். சங்கராபுரம் பக்கத்தில் சேஷசமுத்திரத்தில் 2015 ஆகஸ்ட் 15 அன்று, நாடு சுதந்திர தினம் கொண்டாடிய நாளில், தலித்துகள் பொதுத் தெருவில் இழுக்கவிருந்த தேர் கொளுத்தப்பட்டது. வீடுகளும் எரிந்தன. காவலர்களும் தாக்கப்பட்டார்கள். தேர் போகவேண்டிய தெரு யாருடைய பட்டா நிலமும் இல்லை, பொதுத் தெரு. எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் 2023 ஜனவரி 2 அன்று, வைகுண்ட ஏகாதசி நாளில், போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் முதல்முறையாக நுழைந்தார்கள். அது இந்து சமய அறநிலையத் துறையின் கோயில். அரசின் துறை நடத்தும் கோயிலுக்குள் போகவே அரசின் போலீஸ் வேண்டியிருந்தது.

பக்கத்து மாவட்டங்களிலும் இதே கதை. விழுப்புரம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூன் மாதம் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். எல்லோரும் உள்ளே போய் வழிபட 2025 ஏப்ரல் வரை, இரண்டு வருஷம், நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. சேலம் மாவட்டம் தீவட்டிப்பட்டியில் 2024 மே 2 அன்று மாரியம்மன் திருவிழா வழிபாட்டுப் பிரச்சினை கலவரமாகிக் கடைகள் எரிந்தன. 2025 மே மாதம் புதுக்கோட்டை வடகாட்டில் திருவிழாவை ஒட்டிய மோதலில் தலித் குடியிருப்புக்குள் புகுந்து அடித்தார்கள், தீ வைத்தார்கள்.

இந்தப் பட்டியலில் ஆடியும் சித்திரையும் வைகாசியும் வருவதைக் கவனியுங்கள். திருவிழாக் காலமும் கோடை விடுமுறையும் ஒன்றாக வரும் மாதங்களில்தான் நம் பையன்கள் மேல் அதிகமாக வழக்கு விழுகிறது. ஊராட்சி இந்த மாதங்களுக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று கேட்டால், பல்பும் பிளீச்சிங் பவுடரும் என்பதுதான் பதில்.

நூறு வருஷத்துக்கு முந்தைய யோசனை

"மானியத்தை நிறுத்து" என்பது இன்றைக்கு யாரோ கிளப்பும் தீவிரவாதப் பேச்சு என்பார்கள். வரலாற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப்பணத்தில் கட்டப்பட்ட, பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது தீர்மானம். 1924இல் மகாத் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் நோட்டில் இருந்தது, குளம் பூட்டியேதான் இருந்தது. 1926இல் போலே இரண்டாவது தீர்மானம் கொண்டுவந்தார். முதல் தீர்மானத்தை அமல்படுத்தாத நகராட்சிக்கும் உள்ளாட்சிக்கும் அரசு மானியம் தரக்கூடாது என்றது அது. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் அந்தக் குளத்துக்கு நடந்தது இந்த வரிசையில்தான். நகராட்சிக்கு வரும் பணமும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதி.

நம் பக்கமும் குறைவில்லை. சென்னை சட்டமன்றத்தில் 1924இல் ரெட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை உண்டு என்றது. அதே வருஷம் அரசாணையும் வந்தது. போலேயின் இரண்டாவது தீர்மானத்துக்கு 2026இல் நூறு வயது. அதை நம் ஊராட்சி அலுவலகத்தில் அமல்படுத்தச் சொல்வதில் அவசரம் ஒன்றும் இல்லை. நூறு வருஷத் தாமதம்தான் இருக்கிறது.

அரசின் இரண்டு பட்டியல்கள்

ஊராட்சி மட்டும்தான் குற்றவாளி என்று முடித்துவிட முடியாது. தமிழக அரசு வருஷத்துக்கு 1,250 கிராமப்புறக் கோயில்களுக்கும், 1,250 ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதிக் கோயில்களுக்கும் தலா 2 லட்சம் ரூபாய் திருப்பணி நிதி தரும் திட்டத்தை நடத்தியிருக்கிறது. நல்ல மனதோடு செய்த வேலையாகவே இருக்கட்டும். காலனிக் கோயிலுக்கும் சம பணம் வந்தது, சரி. ஆனால் இரண்டு பட்டியல் ஏன்? "கிராமப்புறக் கோயில்" என்ற பட்டியலில் காலனிக் கோயில் அடங்காது என்றால், காலனி கிராமத்தில் இல்லையா? இரண்டு சுடுகாடு, இரண்டு தண்ணீர்த் தொட்டி என்று பிரிந்து கிடக்கும் ஊருக்கு இரண்டு சாமி நிதி என்று அரசும் சேர்ந்துகொள்கிறது. முதல் பட்டியலில் பணம் வாங்கும் கோயிலிடம், "எல்லாச் சாதியும் உள்ளே வரலாமா?" என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காசோலை கொடுத்திருந்தால் பல ஊர்களில் போலீஸ் பாதுகாப்பே தேவைப்பட்டிருக்காது.

மேற்கு வங்கத்தில் 2018இல் துர்கா பூஜைக் குழுக்களுக்குத் தலா 10,000 ரூபாய் என்று தொடங்கிய அரசு மானியம் 2024இல் 85,000 ரூபாயாக வளர்ந்தது. ஒருமுறை தொடங்கினால் எந்தக் கட்சியாலும் குறைக்க முடியாத பணம் இது. குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்காக வரி கட்ட யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்பின் 27ஆவது பிரிவு சொல்வது இந்த ஆபத்து தெரிந்துதான்.

நம் தோழர்களில் சிலர் கேட்பார்கள், "நமக்கு எதுக்குத் தோழர் இந்தக் கோயில்? நாம பௌத்தம், பகுத்தறிவு பேசுறவங்க." கோயிலுக்குப் போவதும் போகாததும் அவரவர் விருப்பம். நான் பேசுவது தெருவைப் பற்றி, விளக்கைப் பற்றி, பணத்தைப் பற்றி. சாமி கும்பிடாத அம்பேத்கரியருக்கும் பொதுத் தெருவில் பங்கு உண்டு. ஏப்ரல் 14 அன்று அண்ணல் படத்தோடு அதே தெருவில் போகக் கேட்டால் "சட்டம் ஒழுங்கு" என்று அனுமதி மறுக்கிறார்கள். 2022 முதல் அந்த நாளை அரசே சமத்துவ நாள் என்று அறிவித்து உறுதிமொழி எடுக்கிறது. உறுதிமொழி அலுவலகத்துக்குள், ஊர்வலம் காலனிக்குள் என்றால் அது என்ன சமத்துவம்?

திருவிழாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்திலேயே கூவாகம் இருக்கிறது. சித்திரை மாதம் கூத்தாண்டவர் கோயிலுக்கு இந்தியா முழுவதிலிருந்தும் திருநங்கைகள் வருகிறார்கள். மாவட்ட நிர்வாகம் பஸ், தண்ணீர், கழிப்பறை, மருத்துவ முகாம் என்று ஏற்பாடு செய்கிறது. சமூகம் ஒதுக்கிவைத்த மக்கள் கூடும் இடத்துக்குப் பொதுப்பணம் போவதை யாரும் எதிர்க்கப் போவதில்லை. லண்டனில் 1958 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1959 ஜனவரியில், டிரினிடாட்டில் பிறந்த கிளாடியா ஜோன்ஸ் கரீபிய மக்களுக்காக ஒரு அரங்குக்குள் நடத்திய விழா, பிற்பாடு நாட்டிங் ஹில் தெருவிழாவுக்கு முன்னோடி ஆனது. சென்னையில் 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய மார்கழியில் மக்களிசை, சபாக்களின் மாதத்தில் பறையையும் கானாவையும் மேடை ஏற்றியது. விழா என்பது யார் உள்ளே, யார் வெளியே என்பதை ஊருக்குச் சொல்லும் இடம். பொதுப்பணம் வாங்கும் விழா எல்லாரும் உள்ளே என்று சொல்ல வேண்டும்.

மே மாதம் காலனியில் என்ன நடக்கிறது?

இனி அடுத்த பாதிக்கு வருகிறேன். மத்தியதர வீட்டுப் பிள்ளைக்குக் கோடை விடுமுறை என்றால் நீச்சல், கராத்தே, தாத்தா வீடு. காலனிப் பிள்ளைக்கு விடுமுறை தொடங்கும் நாளில் முதலில் நிற்பது சோறு. பள்ளி நாளில் காலை உணவு உண்டு, மதியம் சத்துணவு உண்டு. மே மாதம் இரண்டும் இல்லை. அம்மா கூலிக்குப் போய்விடுவார். அடுத்து, ஒன்பதாவது முடித்த பையனைப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, "ரெண்டு மாசம்தானே" என்று மேஸ்திரி கூட்டிப்போவார். பெண் பிள்ளை திருப்பூருக்கோ நூற்பாலைக்கோ போவாள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே கோடு விழும். கையில் காசு பார்த்த பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது எவ்வளவு கடினம் என்று களத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இடைநிற்றல் என்று நாம் ஜூலையில் எழுதும் அறிக்கைக்கு விதை மே மாதத்தில் விழுகிறது.

ஊரில் எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டு மையமும் கட்டினார்கள். 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் 33 வகைப் பொருட்களை 12,525 ஊராட்சிகளுக்கும் தருவதாக அறிவித்துக் கொடுத்தார்கள். உங்கள் ஊராட்சியில் அந்த நூலகம் எப்போது திறக்கிறது? கேரம் போர்டும் வாலிபால் நெட்டும் யார் வீட்டில் இருக்கிறது? பல ஊர்களில் நூலகக் கட்டடம் ஊர்ப் பக்கம், சாவி ஒருவர் கையில். மைதானம் கோயில் நிலத்தில், அல்லது ஊர்த் தெருவைத் தாண்டி. பந்து அந்தப் பக்கம் போனால் எடுக்கப் போகும் பையனுக்கு என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி முகாம் நடப்பது மாவட்டத் தலைநகரில். கல்வராயன் மலையில் வெள்ளிமலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளை காலை 6 மணிப் பயிற்சிக்குக் கள்ளக்குறிச்சி வர முடியுமா? அந்த மலை மக்களின் நிலையை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுக்க வேண்டியிருந்தது.

சட்டத்தில் இடம் இருக்கிறது. 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 111ஆவது பிரிவு, ஊராட்சி செய்யக்கூடிய வேலைகளில் வாசிப்பறை, விளையாட்டு மைதானம், பூங்கா, உடற்பயிற்சி மையம் என்று எழுதி வைத்திருக்கிறது. திருவிழாக்களை ஒழுங்குபடுத்துவதும் அதே பிரிவில்தான் வருகிறது. அரசமைப்பின் 11ஆவது அட்டவணையில் 20ஆவது இனம் நூலகம், 21ஆவது பண்பாட்டு நடவடிக்கை, 27ஆவது பட்டியல் சாதி, பழங்குடி உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலம். வரிசையாக இருக்கிறது, வாசிக்கத்தான் ஆள் இல்லை.

நம் பிள்ளைகள் திசைதிருப்பப்பட வேண்டியவர்களா?

காலனி இளைஞர்களுக்கு எப்போதாவது ஒரு விளையாட்டுப் போட்டி நடக்கிறது என்றால், பல நேரங்களில் நடத்துவது காவல் துறை. "போலீஸ், பொதுமக்கள் நல்லுறவு" என்று பேனர், ஒரு வாலிபால், ஒரு குழு போட்டோ. இதற்குப் பின்னால் ஒரு நினைப்பு இருக்கிறது. இந்தப் பையன்கள் சும்மா இருந்தால் தப்புக்குப் போவார்கள், அதனால் கவனத்தைத் திருப்ப வேண்டும் என்பதே அந்த நினைப்பு. ஊர்ப் பையனுக்குக் கொடுக்கும்போது அதன் பெயர் திறமை வளர்ப்பு. நம் பையனுக்குக் கொடுக்கும்போது குற்றத் தடுப்பு. இந்தப் பெயரை நாம் ஏற்கக் கூடாது. விளையாட்டும் வாசிப்பும் இசையும் பிள்ளைகளின் உரிமை. நாளைக்குத் திருடாமல் இருப்பதற்காகத் தரும் லஞ்சம் கிடையாது.

உலக அனுபவமும் இதைத்தான் சொல்கிறது. ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். அவர்கள் செய்த பல வேலைகளில் ஒன்று, விளையாட்டு, இசை, நடனம், கலை வகுப்புகளுக்குப் பொதுப்பணத்தைக் கொட்டியது. தலைநகர் ரெய்க்யவிக்கில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதற்கென்று வருஷாவருஷம் ஒரு தொகை கொடுத்தார்கள். ஏழைப் பிள்ளைக்கு என்று தனிப் பட்டியல் போடவில்லை. நேர் எதிராக லண்டனில் 2010க்கும் 2019க்கும் இடையே இளைஞர் மன்றங்களில் சுமார் 30 சதவீதம் மூடப்பட்டன. பக்கத்து மன்றத்தை இழந்த 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது, தேர்வு முடிவும் குறைந்தது என்று அங்கே 2024இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உள்ளாட்சி மிச்சம் பிடித்த காசை நீதிமன்றமும் சிறையும் வட்டியோடு வாங்கிக்கொண்டன.

நமக்கு ஐஸ்லாந்து வரை போகத் தேவையில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரம் இருக்கிறது. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. தினக்கூலிகள், அவர்களில் நம் மக்கள் ஏராளம். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுத்தார்கள், கொடுக்க வேண்டியதுதான். 60 குடும்பம் என்றால் 6 கோடி. சாவுக்குப் பிறகு ஒரே வாரத்தில் கிடைக்கும் கோடிகள், சாவுக்கு முன்னால் ஒரு காலனியில் சாயங்காலம் கூட ஒரு இடம் அமைக்க ஏன் கிடைப்பதில்லை? வேலை முடிந்து வருபவருக்கும், வளர்ந்து வரும் பிள்ளைக்கும் சாராயக் கடையைத் தவிர உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்று கருணாபுரத்துக்குப் பிறகும் எந்த நிர்வாகமும் கணக்கெடுக்கவில்லை என்றால் அந்தச் சாவுகளிலிருந்து யார் என்ன கற்றார்கள்?

"பணம் இல்லையே" என்பவர்களுக்கு

ஊராட்சித் தலைவர்கள் இதைச் சொல்வார்கள். அவர்களில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் நடந்த தேர்தலில் தனித் தொகுதியில் வென்ற தலித் தலைவர்களின் நிலை எனக்குத் தெரியும். கொடியேற்ற விடுங்கள், நாற்காலி கொடுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்த நாடு இது. துணைத் தலைவர் கையெழுத்தும் சேர்ந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிலையில் அவர்கள் தனியாகத் திருவிழாச் செலவை நிறுத்த முடியாது. அதனால்தான் தீர்மானம் கிராமசபையிலிருந்து வர வேண்டும் என்கிறேன். மக்கள் போட்ட தீர்மானம் தலைவருக்குக் கேடயம்.

பணத்துக்கு வருவோம். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிய நிதி. மீதி 40 சதவீதத்தைச் சம்பளம், அலுவலகச் செலவு தவிர, 11ஆவது அட்டவணையின் 29 இனங்களில் உள்ளூர்த் தேவைக்குச் செலவிடலாம். புத்தகம், மைதானம் சமன் செய்தல், வலை, விளக்கு எல்லாம் இதில் அடங்கும். பிள்ளைகளோடு உட்கார ஆள் வேண்டும். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். அதே கணக்கில் 4 பேருக்கு 2 மாதம் என்றால் 8,000 ரூபாய். ஊராட்சியின் சொந்த நிதியில் இது எடுக்க முடியாத தொகையா? ஒரு ராத்திரி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

2024 ஜூனில் சட்டமன்றத்தில் நிறைவேறிய பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டமும் கையில் இருக்கிறது. நம் மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்கி, அதை நமக்கே செலவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அந்தப் பணம் ஏட்டில் மட்டும் நம் பெயரில் இருப்பதை இந்தத் தலைமுறையாவது நிறுத்த வேண்டும்.

இனி என்ன செய்வது?

முதலில் கணக்கைக் கையில் எடுங்கள். சின்னசேலம் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு, அல்லது உங்கள் வட்டாரம் எதுவோ அதற்கு, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். கடந்த 3 ஆண்டுகளில் திருவிழா நடந்த மாதங்களில் தெருவிளக்கு, குடிநீர், சாலை, சுகாதாரத் தலைப்புகளில் நடந்த செலவு, தேதி, தெருப் பெயரோடு வவுச்சர் நகல் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இன்றே போட்டால் ஆகஸ்ட் 15க்கு முன் கையில் இருக்கும்.

ஆகஸ்ட் 15 கிராமசபைக்குக் காலனியே திரண்டு போகட்டும். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். நம் தெருப் பெண்களே பாதிக் கூட்டத்தை நிரப்ப முடியும். இந்த வாசகத்தை எழுதிக் கொடுங்கள்:

"இவ்வூராட்சி எல்லைக்குள் நடைபெறும் எந்த விழாவிலும், ஊரில் வசிக்கும் எல்லாச் சாதியினருக்கும் வழிபாடு, ஊர்வலம், வடம் பிடித்தல், விழாக் குழு ஆகியவற்றில் சம உரிமை உண்டு என்று விழாக் குழு எழுத்தில் உறுதியளித்தால் மட்டுமே ஊராட்சியின் நிதி, பணியாளர், வாகனம், பொருள் அவ்விழாவுக்குப் பயன்படுத்தப்படும். ஏப்ரல், மே மாதங்களில் நூலகம் தினமும் திறக்கப்படும். ஊர், காலனி எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான கோடை நிகழ்ச்சிகளுக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்பில் நிதி ஒதுக்கப்படும்."

எழுத மறுத்தால் மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நகலை ஆட்சியருக்கு அனுப்புங்கள். அவர்தான் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர். அக்டோபர் 2 கிராமசபையில் அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பேச்சு தொடங்கும்போது கோடை நிகழ்ச்சியை அதில் ஏற்றுங்கள். இந்த ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. 2026 கோடைதான் இவர்களுக்குக் கடைசிக் கோடை. ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர்கள் மறுக்கத் தயங்குவார்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தீர்மானம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பூட்டிய நூலகத்தின் சாவி யாரிடம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்க் கேளுங்கள். நான்கு பேராகப் போங்கள், பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வவுச்சர் நகல் வந்ததும் காலனித் தெருவில் உட்கார்ந்து சத்தமாக வாசியுங்கள். எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று நம் அம்மாக்கள் காதில் விழட்டும். கிராமசபையில் கேள்வி கேட்கப் போவது அவர்கள்தான்.

ஜெய்பீம்.